மனைவியை மாற்ற வேண்டாம்

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு விடக்கூட இடம் இருக்காது. எமர்ஜென்சி முடிந்த வருஷம் என் கணவர் அனந்தராமன் டெலிவிஷன் பெட்டி வாங்கினார். மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் பெட்டி. சினிமாப் பாட்டுப் போடும் நேரத்துக்குத் தெருவே எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். பெரியவர்களுக்கு நாற்காலி, பெண்களுக்குப் பாய், குழந்தைகளுக்கு வெறுந்தரை. வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுப்பேன். ஒருவரையும் எழுந்து போகச் சொன்னது கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தச் சுந்தரவல்லி கோபக்காரி என்று யாரும் எழுதிவிடக் கூடாது. தணிகாசலம் சார், நீங்கள் சப்-இன்ஸ்பெக்டராக இந்த ஸ்டேஷனுக்கு வந்த புதிதில் எங்கள் மாதர் சங்க ஆண்டு விழாவுக்குப் பந்தோபஸ்துக்கு வந்தீர்கள். காரியதரிசி என்ற முறையில் அன்று மேடையில் நான்தான் பேசினேன். நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த விளம்பரத்தை முதலில் பார்த்தது அப்படி ஒரு வெள்ளிக்கிழமையில்தான். நீங்களும் பார்த்திருப்பீர்கள். இருந்தாலும் எழுதிக்கொள்ள வேண்டுமே என்று சொல்கிறேன். கணவன் சாய்வு நாற்காலியில் பேப்பர் படிக்கிறான். மனைவி காபி கொண்டுவந்து நீட்டுகிறாள். ஒரு வாய் குடிக்கிறான். முகம் கோணிப்போகிறது. மிச்சத்தை அப்படியே அவள் முகத்தில் வீசுகிறான். காபி சொட்டுகிற அந்த முகத்தைக் கிட்டத்தில் காட்டுகிறார்கள். பெட்டி முழுக்க அந்த முகம்தான். அவள் சிரிக்கிறாள். தப்புப் பண்ணிவிட்டு அகப்பட்டுக்கொண்ட குழந்தை சிரிக்குமே, அப்படி ஒரு அசட்டுச் சிரிப்பு. உடனே ஓர் ஆண் குரல்: ‘மனைவியை மாற்ற வேண்டாம். காபியை மாற்றுங்கள். பூர்ணசந்திரா காபி.’ அடுத்தாற்போல் அவள் தலை நிறையப் பூவோடு வேறு காபி கொண்டுவருகிறாள். அவன் குடித்துவிட்டு அவள் கன்னத்தைக் கிள்ளுகிறான். அவள் குனிந்து அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். அவ்வளவுதான். காய் நறுக்கிக்கொண்டிருந்தால் ஒரு கத்திரிக்காய் முடிவதற்குள் அதுவும் முடிந்துவிடும்.

கூடமே சிரித்தது. பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அதற்கு முன்னாலும் நான் எதையும் பார்க்காதவள் இல்லை. சோப்பு என்றால் ஒரு பெண் குளிக்கிறாள். போகட்டும், சோப்புக்குக் குளியல் வேண்டும். டயர் விளம்பரத்திலும் ஒரு பெண் சாய்ந்துகொண்டு நிற்கிறாள். டயருக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சினிமாவில் கொஞ்சம் பருமனான பெண் வந்தாலே போதும், தியேட்டரில் விசில். கறுப்பாக இருப்பவள் வந்தால் கரிமூட்டை என்பான் ஒருவன், அதற்கும் விசில். இதையெல்லாம் நான் சங்கத்தில் பேசியிருக்கிறேன். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய் அதையே பார்ப்பார்கள்.

ஆனால் இந்தக் காபி விளம்பரம் தெருவுக்குள் இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்குழந்தை, பாவாடை கட்டுகிற வயசு, பின்கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். பையன்கள் ஒருவர் மாற்றி ஒருவர் குவளைத் தண்ணீரை அதன் முகத்தில் வீசுவார்கள். அது சிரிக்க வேண்டும். சரியாகச் சிரிக்காவிட்டால் மறுபடியும் வீசுவார்கள். அந்தக் குழந்தைக்கு நாளாக நாளாக அந்தச் சிரிப்பு நன்றாகவே வந்துவிட்டது. நான் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து முகத்தைத் துடைத்துவிட்டேன். விட்டதும் மறுபடி ஓடிப்போய் நின்றுகொண்டது.

என் கணவரும் சொல்ல ஆரம்பித்தார். காலையில் காபியைக் கையில் வாங்கும்போதெல்லாம், “மனைவியை மாத்த வேண்டாம், காபியை மாத்துங்கோ” என்பார். விளையாட்டாகத்தான். பென்ஷன் வாங்குகிற மனுஷர். அவருக்கும் பொழுது போக வேண்டும்.

முறைப்படி என்ன செய்ய வேண்டுமோ அதை நான் செய்தேன். டெலிவிஷன் நிலையத்துக்குப் போனேன். ஓர் அதிகாரி உட்காரச் சொன்னார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். “வேற யாருமே புகார் சொல்லலியே மேடம்? எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. பார்க்கலாம்” என்றார். இரண்டாம் முறை போனபோது அவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவரும் பார்க்கலாம் என்றார்.

பிறகு தியாகராய நகரில் பூர்ணசந்திரா காபி முதலாளி அய்யாதுரையைப் பார்க்கப் போனேன். கெட்ட மனுஷர் என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படி இல்லை. நெற்றி நிறைய விபூதி. எழுந்து நின்று கும்பிட்டார். ஃபேனுக்கு நேராக நாற்காலியைப் போடச் சொன்னார்.

“அம்மா, நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா பாத்துக்கிடுங்க, எங்க வீட்டுல அதப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிக்கா. அவளும் பொம்பளதான? யாவாரம்னா நாலு பேரு வாயில பேரு நிக்கணும். இப்ப நிக்கி. பாப்போம்மா, அடுத்த வாட்டி பாப்போம்.”

காபி கொடுத்தார். காபி நன்றாகவே இருந்தது. நான் எழுந்திருக்கும்போது, சங்கத்தில் ஏழைப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுப்பதாகக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். மறுநாள் ஒரு புதுத் தையல் மிஷின் எங்கள் சங்கத்து வாசலில் வந்து இறங்கியது. திருப்பி அனுப்பியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். அதில் தைக்கப்போவது ஏழைப் பெண்கள். அவர்கள் வயிற்றில் அடிக்க எனக்கு என்ன உரிமை? மிஷினும் நல்ல மிஷின்.

அந்த விளம்பரத்தில் கணவனாக நடித்த ஜவஹரைத்தான் ஆண்டு விழாவுக்கு அழைத்தார்கள். அழைத்தது நான் அல்ல, கமிட்டி. நீங்கள் வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தீர்கள், உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. பெண்கள் அவரை விடவே இல்லை. ஒருத்தி தண்ணீர் டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்து, என் மேலே ஊற்றுங்கள் சார் என்று முகத்தைக் காட்டினாள். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு இரண்டு சொட்டுத் தெளித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. காரியதரிசி என்பதால் நான்தான் அவருக்குச் சந்தனமாலை போட்டேன். தனியாக ஒரு நிமிஷம் கிடைத்தபோது சொல்லிப் பார்த்தேன். “எனக்கும் அக்கா தங்கைங்க இருக்காங்கம்மா. அவங்க சொல்றதை நான் செய்றேன். பார்க்கலாம்” என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவரும் சம்பளத்துக்குத்தானே செய்கிறார்.

இப்படி ஒரு வருஷம் போயிற்று. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பஞ்சு மூட்டையில் குத்துவது போல் இருந்தது. குத்தின கைதான் வலித்தது.

விளம்பரத்தில் மனைவியாக வந்த அந்தப் பெண்ணை நேரில் பார்த்தது லஸ் பஸ் நிறுத்தத்தில். ஆரோக்கியமேரி. சாந்தோம் குப்பத்துப் பெண். கறுப்பு நிறம்தான், ஆனால் கண் பெரிசு. முகத்தில் கண்ணை முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கத் தோன்றும். நாலைந்து பையன்கள் சூழ்ந்துகொண்டு, “இன்னாம்மே, காபி சூடா கீதா? ஊத்தட்டா?” என்று வம்பு பண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் நகர்ந்து போய் அவர்களை விரட்டினேன். அவர்கள் போய்விட்டார்கள். இதில் முக்கியமான விஷயம், அவர்கள் வம்பு பண்ணும்போது அவள் சிரித்துக்கொண்டு நின்றாள் என்பது. அதே சிரிப்பு.

“எதுக்குச் சிரிக்கிறே?” என்று கேட்டேன்.

“சிரிச்சிட்டா வுட்டுட்டுப் போயிடுவானுங்கம்மா” என்றாள். “மொறச்சா கையப் புடிப்பானுங்க.”

அவளைக் கோயில் குளக்கரைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்துப் பேசினேன். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அம்மா மீன் விற்கிறாள். வடபழனியில் ஸ்டுடியோவில் கூட்டத்தோடு நிற்கப் போனவளை யாரோ விளம்பரத்துக்குப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். படம் எடுத்த அன்று காபியைத் திரும்பத் திரும்ப ஊற்றினார்களாம். ஆறின காபி வேண்டாம், ஆவி தெரிய வேண்டும் என்று பிறகு சூடாகவே ஊற்றினார்களாம்.

“கண்ணு எரிஞ்சிச்சும்மா. அழுதுட்டேன். அழுதா திரும்பவும் எடுக்கணுமே? சிரிச்சப்பதான் ஓக்கேன்னாங்க. ஜவஹர் சாரு நல்லவரு, அவரு கர்ச்சீப்ப குடுத்தாரு.”

எனக்கு மனசு இளகிவிட்டது. இவளை நான் காப்பாற்றுவேன் என்று அங்கேயே தீர்மானித்தேன். சங்கத்துக்கு வரச் சொன்னேன். மறுநாளே வந்தாள். எங்கள் வீட்டு மாடியில்தான் சங்கம் நடக்கிறது. தையல், அப்பளம், கோடை காலத்தில் வடாம் பிழிவது. எல்லாவற்றையும் சட்டென்று பிடித்துக்கொண்டாள். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். வெயிலில் நடந்து வருகிறாளே என்று தினமும் காபி கொடுப்பேன். அவளுக்கென்றே ஒரு டம்ளர் தனியாக வைத்திருந்தேன். மாடிப்படிக்குக் கீழே மாடத்தில் இருக்கும், அவளே கழுவிக் கவிழ்த்துவிடுவாள். வேறு யாரும் ஒரு குப்பத்துப் பெண்ணுக்கு இவ்வளவு செய்திருக்க மாட்டார்கள். எனக்குக் குழந்தை கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு அவள் வருவது பிடித்திருந்தது. ஊஞ்சலில் உட்கார்ந்தபடி, “மேரி, எங்கே, அந்தச் சிரிப்பைக் காட்டு பார்ப்போம்” என்பார். அவளும் காட்டுவாள். இப்படி வேண்டாம் என்று நான் அவளிடம் சொன்னேன். அவரிடம் சொல்லவில்லை. அவரிடம் எதற்குச் சொல்வது?

ஒருநாள் அவருடைய பழைய ஆபீஸ் சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்னாலேயே மேரி பலகாரத் தட்டோடு வந்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைக் கோணிக் காட்டினார். மற்றவர்கள் அப்போதே சிரிக்கத் தயாராகிவிட்டார்கள். “மனைவியை மாத்த வேண்டாம்...” என்று சொல்லிக்கொண்டே டம்ளரை என் பக்கமாக வீசினார். முகத்தில் படவில்லை. கழுத்திலும் ரவிக்கையிலும் கொஞ்சம் பட்டது. அவ்வளவு சூடும் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிநேகிதர்களில் ஒருவர்தான், “என்ன ஓய், நெஜமாவே ஊத்திட்டீர்!” என்றார். “அவளுக்குத் தெரியும்ங்காணும், தமாஷுன்னு” என்றார் இவர். தமாஷ்தான். எனக்கு அது தெரியும்.

மேரியும் சிரித்தாள். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் பேனாவை வேகமாக ஓட்டுகிறீர்கள், அதனால் சொல்கிறேன். அது மாசி மாதம். இது நடந்தது சித்திரையில்.

சித்திரை பிறந்ததும் மேரி ஒரு சேதி சொன்னாள். அய்யாதுரை இரண்டாவது விளம்பரம் எடுக்கப் போகிறாராம். அவளேதான் நடிக்க வேண்டுமாம். இந்தத் தடவை காபி ஊற்றுவது இல்லை. கணவன் காபி டம்ளரை வைக்க இடம் தேடுகிறான். மனைவி உடனே கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றிக் குனிந்துகொள்கிறாள். அவன் அவள் முதுகில் டம்ளரை வைத்துவிட்டு, காலையும் தூக்கிப் போட்டுக்கொள்கிறான். ‘நல்ல மனைவி இருக்க முக்காலி எதற்கு’ என்று குரல் வரும். அவள் கழுத்தைத் திருப்பிப் படம் பார்க்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். தியேட்டர்களுக்குக் கலரில் எடுக்கிறார்களாம்.

“நீ போகப்படாது” என்றேன்.

“பாக்கலாம்மா” என்றாள்.

அந்த வார்த்தையை அவள் சொல்லியிருக்க வேண்டாம்.

மறுநாளும் சொன்னேன். உட்காரவைத்து நிதானமாகச் சொன்னேன். மாடு மாதிரி உன்னை நிறுத்தப் போகிறார்கள், அதை ஊரே பார்க்கும், நம் தெருக் குழந்தைகள் நாளைக்கு அதைத்தான் விளையாடும் என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். அவள் அம்மாவுக்கு முழங்கால் வீங்கிக் கூடை தூக்க முடியவில்லை, வீடு ஒழுகுகிறது என்றெல்லாம் சொன்னாள். கடைசியில், “யோசிச்சிகினு கீறேம்மா” என்றாள். யோசிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது. அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முதலாளி இல்லாவிட்டால் வேறு முதலாளி. ஜவஹர் இல்லாவிட்டால் வேறு ஒருவர். ஆனால் ஜனங்கள் சிரித்தது அந்த முகத்தைப் பார்த்து. அந்த முகம் இருக்கிறவரை அதைக் கேட்டு வந்துகொண்டே இருப்பார்கள். அவளும் யோசித்துக்கொண்டே இருப்பாள். நோய் எங்கே இருக்கிறதோ அங்கேதானே வைத்தியம் பார்க்க வேண்டும்?

அவளோடு இரண்டு நாள் நான் பேசவே இல்லை. மூன்றாம் நாள் மாடியில் வடாம் போட ஏற்பாடு. கல் அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றியிருந்தோம். சங்கத்துக்கு வேலைக்கு வருகிற முத்தம்மா கிளறிக்கொண்டிருந்தாள். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வருகிறவள், உழைப்பாளி, மூச்சு வாங்கினாலும் துடுப்பை நிறுத்த மாட்டாள். வடாம் கூழைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. வெந்நீர் என்றால் பட்டவுடன் வழிந்து போய்விடும். கூழ் அப்படியல்ல. பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும், சூடு உள்ளே இறங்குகிறவரை விடாது. உதறினாலும் போகாது. இருபத்தைந்து முப்பது வருஷமாகக் கூழ் கிளறுகிற எனக்கு இது தெரியாமல் இல்லை.

மற்றப் பெண்களை வேட்டி நனைத்து எடுத்து வரக் கீழே அனுப்பினேன். மேரி அன்று வழக்கத்தை விடத் தாமதமாக வந்தாள். “தியாகராய நகர் போயிருந்தாளாம், முதலாளியப் பாக்க” என்று முத்தம்மா சொன்னாள். வந்த பெண் முகத்தில் ஒரே சந்தோஷம். படியேறி ஓடிவந்ததில் மூச்சு இரைத்தது. “அம்மா, உங்கையில ஒண்ணு சொல்லணும்” என்றாள். முதலில் வேலை ஆகட்டும், அப்புறம் சொல் என்றேன். என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அண்டாவை இறக்க வேண்டும். ஒரு பக்கம் முத்தம்மா, ஒரு பக்கம் நான். துணியைச் சுற்றிக்கொண்டு தூக்கினோம். கீழே பிரிமணையைச் சரியாக வை என்று மேரியிடம் சொன்னேன். அவள் குனிந்து உட்கார்ந்து வைத்தாள். பிறகு நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். குனிந்திருந்தால் தலையில்தான் பட்டிருக்கும். தலையில் முடி இருக்கிறது. அவள் என்ன அம்மா என்று நிமிர்ந்து பார்த்தாள்.

முத்தம்மா கை நழுவியது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவள் கை நழுவவில்லை. அவள் கடைசிவரை பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். நான்தான் சாய்த்தேன்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றும்போது என் கை இரண்டும் வெந்து போயிற்று, பாருங்கள், கட்டு இன்னும் இருக்கிறது. டாக்ஸியில் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரே என்னைப் பாராட்டினார். உடனே தண்ணீர் ஊற்றாவிட்டால் இரண்டு கண்ணும் போயிருக்கும், இப்போது ஒன்றுதான் போயிற்று என்றார். என் கணவர்கூட அன்று கண் கலங்கி, “பெத்த பொண்ணு மாதிரின்னா பார்த்துண்டே நீ” என்றார். அவர் என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் போனேன். ஆரஞ்சு பிழிந்து கொண்டுபோவேன். முகம் முழுக்கக் கட்டு. வாய்க்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். பேச்சு வந்த அன்றைக்கு என் கையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, அன்னிக்கி ஒண்ணு சொல்லணும்னேனே... காலீல முதலாளியாண்ட போயி, எனக்கு இந்தப் படம் வேணாம்னு சொல்ட்டேம்மா. அவரு எவ்ளோவோ சொன்னாரு. மாட்டவே மாட்டேன்னுட்டேன். அத்த உங்கையில சொல்லத்தான் ஓடியாந்தேன். நீங்க கோச்சிகினு பேசாம இருந்தது எனக்குத் தாங்கல.”

கட்டுக்கு உள்ளே அவள் சிரிக்கிறாளா என்று பார்த்தேன். தெரியவில்லை.

இதைக் கேட்டால் நான் இடிந்து போயிருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். அன்று மாட்டேன் என்றாள், சரி. அம்மாவுக்கு முழங்கால் இன்னும் வீங்கினால், மழையில் கூரை இன்னும் ஒழுகினால், நாளைக்கே சரி என்று சொல்லமாட்டாள் என்பதற்கு என்ன நிச்சயம்? அதனால் நான் செய்தது வீண் என்று சொல்ல முடியாது. சொல்லக் கூடாது. ஆறுதலாக அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மறுபடி எல்லோரும் கூடினார்கள். எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று என் கணவர்தான் கூப்பிட்டிருந்தார். பாட்டுக்கு நடுவே அந்த விளம்பரம் வந்தது. பழைய படம் அவர்களிடம் இருக்கிறதே, போடத்தானே செய்வார்கள். அவள் முகம் பெட்டி நிறைய வந்தது. ஒரு கெடுதலும் இல்லாமல், கண் இரண்டும் பெரிதாக, காபி சொட்டச் சொட்ட. “ஐயோ, பாவம்” என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அப்புறம் குரல் வந்தது. ‘மனைவியை மாற்ற வேண்டாம்.’ முதலில் குழந்தைகள் சிரித்தன. பிறகு ஒவ்வொருவராகப் பெரியவர்களும் சிரித்துவிட்டார்கள். பழக்கம். நான் எழுந்து உள்ளே போய் எல்லோருக்கும் மோர் எடுத்து வந்தேன்.

முத்தம்மாவுக்காகத்தான் இங்கே வந்தேன். மேரியின் குப்பத்து ஜனங்கள் அவளை அடித்து இழுத்துவந்து உங்களிடம் விட்டிருக்கிறார்கள். நேற்றைக்கு நான் சாட்சி சொல்ல வந்தபோது கம்பிக்குப் பின்னாலிருந்து கும்பிட்டாள். “அம்மா, நான் வுடலம்மா. சாமி சத்தியமா கைய வுடல. நீங்கதானே எதிர்ல இருந்தீங்க, நீங்க சொன்னா நம்புவாங்க” என்றாள். நேற்று நான் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டேன். உடம்பு சரியில்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டேன். ஒரு ஏழைப் பெண்ணுக்கு அநியாயம் நடப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க என்னால் முடியாது. சங்கம் ஆரம்பித்ததே அதற்குத்தான்.

எழுதுவதை நிறுத்திவிட்டு நீங்கள் ஒன்று கேட்டீர்கள். “அந்த மொதலாளி, அந்த நடிகரு, டெலிவிஷன் ஆபீசரு, ஏன், உங்க வீட்டுக்காரரு... இவங்க மேலல்லாம் உங்களுக்குக் கோவமே வரலியாம்மா? இவங்கள ஏதாவது செய்யணும்னு ஒரு நாளும் தோணலியா?”

நியாயமான கேள்விதான். உண்மையாகவே யோசித்துத்தான் பதில் சொல்கிறேன். அவர்களை நான் என்ன செய்ய முடியும்? அய்யாதுரை கடை வாசலில் காவல்காரன் நிற்கிறான். ஜவஹரைச் சுற்றி எப்போதும் நாலு பேர். அதிகாரியைப் பார்க்க வேண்டுமென்றால் வெளியே பெஞ்சில் காத்துக்கிடக்க வேண்டும். என் கணவரோ, என் கணவர். அவர்கள் எல்லோரும் என்னை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். நானும் அவர்களிடம் மரியாதையாகத்தான் எடுத்துச் சொன்னேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

என் பேச்சைக் கேட்டு நடந்தவள் அவள் ஒருத்திதான்.